எங்கள் ஃபைலும் அவளுடைய ஃபைலும்

தத்தெடுத்திருக்கிறோம் என்று தெரிந்ததும் எல்லோரும் கேட்பது இரண்டே கேள்விதான். எவ்வளவு செலவாச்சு? எவ்வளவு நாளாச்சு? அமெரிக்காவில் இருந்துகொண்டு இந்தியாவிலிருந்து ஒரு குழந்தையைத் தத்தெடுக்க நினைப்பவர்கள் என்னிடம் வந்தால் இரண்டுக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் அதற்கு முன்னால் அவர்கள் கேட்காத ஒன்றைச் சொல்லிவிடுவேன். எந்தக் காகிதம் எத்தனை மாதம் செல்லும் என்று ஒரு தாளில் எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவையுங்கள். காகிதம் நிறைய இருப்பது பெரிய தொல்லையே இல்லை. ஒன்று கைக்கு வரும் நேரத்தில் இன்னொன்று காலாவதியாகிவிடும். அதுதான் ஆளைக் கொல்லும்.

எங்கள் வீடு டெக்சஸில், டாலஸுக்குப் பக்கத்தில். நானும் என் கணவரும் அமெரிக்கக் குடியுரிமை வாங்கியவர்கள், கையில் ஓசிஐ அட்டை, அதாவது வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிய இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் அட்டை. மகள் ஒடிசாவிலிருந்து வந்தவள். அவளுடைய பெயர், உடல்நிலை, அவள் வளர்ந்த இல்லம் எதையும் இங்கே எழுதப்போவதில்லை. அதெல்லாம் அவளுக்குச் சொந்தமான விஷயம். பெரியவளானதும் விருப்பப்பட்டால் அவளே சொல்லிக்கொள்ளட்டும். நான் எழுதுவது காகிதத்தைப் பற்றி மட்டும்.

முதலில் அடிப்படை. நாடு விட்டு நாடு தத்தெடுப்பதற்கென்று 1993-ல் ஹேக் நகரில் ஓர் உடன்படிக்கை உருவானது. இந்தியா 2003-ல் அதில் சேர்ந்தது. அமெரிக்காவில் 2008 ஏப்ரலில் அமலுக்கு வந்தது. அதனால் இரண்டு நாட்டுச் சட்டங்களுக்கும் ஒரே நேரத்தில் பதில் சொல்லியாக வேண்டும். இந்தியப் பக்கம் டெல்லியில் இருக்கும் காரா, அதாவது மத்திய தத்தெடுப்பு வள ஆணையம். அமெரிக்கப் பக்கம் ஒன்றுக்கு இரண்டு: குடிவரவுத் துறை ஒன்று, வெளியுறவுத் துறையின் தூதரகம் இன்னொன்று. வெளிநாட்டில் இருப்பவர்கள் நேராகப் போய் காராவின் தளத்தில் பதிவு செய்துவிட முடியாது. காரா அங்கீகரித்த ஏஜென்சி ஒன்று நாம் வாழும் நாட்டில் இருக்கவேண்டும், அது வழியாகத்தான் எல்லாமே.

வரிசையில் நாம் எங்கே நிற்கிறோம் என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது. இந்தியாவின் 2015-ம் வருட இளைஞர் நீதிச் சட்டத்தின் 59-வது பிரிவு இதைச் சொல்கிறது. ஒரு குழந்தை சட்டப்படி தத்துக்கு உரியது என்று அறிவிக்கப்பட்ட பிறகு, 60 நாள் வரை இந்தியாவில் வாழ்பவர்களுக்கும் வெளிநாட்டில் வாழும் இந்தியக் குடிமக்களுக்கும்தான் முதல் வாய்ப்பு. அதற்குள் குடும்பம் அமையாவிட்டால்தான் வெளிநாட்டவர் பக்கம் வரும். அங்கே ஓசிஐ காரர்களுக்கு மற்ற வெளிநாட்டவரைவிட முன்னுரிமை உண்டு. சிறப்புத் தேவை உள்ள குழந்தைகள், ஐந்து வயதைத் தாண்டியவர்கள், பிரிக்கக்கூடாத உடன்பிறப்புகள் ஆகியோருக்கு அந்த 60 நாள் காத்திருப்பில் சலுகை இருக்கிறது. கைக்குழந்தைதான் வேண்டும் என்று மனதில் வைத்துக்கொண்டு இங்கிருந்து விண்ணப்பிப்பவர்கள் இந்தப் பத்தியை இன்னொரு முறை படித்துவிடுங்கள். இந்த விதி எனக்குச் சரியாகவே படுகிறது. ஒரு குழந்தைக்கு முதலில் அது பிறந்த மண்ணிலேயே வீடு தேடுவதுதானே முறை.

ஊரில் பெரியவர்கள் சொன்ன யோசனையே வேறு. "எதுக்கு இவ்வளவு சுத்தணும்? சொந்தத்திலேயே ஒரு பிள்ளையை எடுத்துக்கோ. ரிஜிஸ்டர் ஆபீஸ்ல தத்துப் பத்திரம் எழுதிட்டாப் போச்சு." என் மாமியார், பெரியப்பா, டாலஸ் கோயிலில் பக்கத்தில் உட்கார்ந்த ஒரு மாமி என்று பலரும் இதையே சொன்னார்கள். 1956-ம் வருட இந்து தத்தெடுப்பு, ஜீவனாம்சச் சட்டத்தின்படி எழுதிய பத்திரம் இந்தியாவுக்குள் செல்லும்தான். ஆனால் அமெரிக்காவில் குடியிருப்பவர், ஹேக் நடைமுறையைத் தாண்டி எழுதிய அந்தப் பத்திரத்தோடு தூதரகத்துக்குப் போனால் குழந்தைக்கு விசா கிடைக்காது. அதோடு, பெற்றவர்கள் இருவரும் உயிரோடு இருந்தால், அவர்களால் பிள்ளையைச் சரியாகப் பராமரிக்க முடியாத நிலை என்று காட்டவும் வேண்டும். வசதியாக இருக்கும் அண்ணன் மகனை "படிக்கட்டுமே" என்று கூட்டிவர அமெரிக்கச் சட்டத்தில் இந்த வாசல் கிடையாது. இப்படி ஆசைப்பட்டு, பத்திரம் பதிந்த பிறகு வக்கீலைத் தேடி அலைந்த குடும்பங்கள் எனக்குத் தெரிந்தே இருக்கின்றன.

சரி, எங்கள் ஃபைலுக்கு வருகிறேன். 2020 இறுதியில் ஆரம்பித்தோம், கொரோனா நடுவில். முதல் வேலை ஹோம் ஸ்டடி. சமூகப் பணியாளர் ஒருவர் வீட்டுக்கு வந்து, இருவரிடமும் சேர்ந்தும் தனித்தனியாகவும் பேசி, அறிக்கை எழுதுவார். மருந்துகள் பூட்டிய அலமாரியில் இருக்கிறதா, புகை எச்சரிக்கை மணி வேலை செய்கிறதா, துப்பாக்கி எங்கே வைத்திருக்கிறீர்கள் என்றெல்லாம் கேள்வி. துப்பாக்கியே இல்லை என்றதும் ஒரு நொடி நிமிர்ந்து பார்த்தார். டெக்சஸ் இல்லையா. அப்பா எங்களை எப்படிக் கண்டித்து வளர்த்தார், கணவருக்கும் எனக்கும் சண்டை வந்தால் யார் முதலில் பேசுவார் என்பது வரை கேட்டார். ஹேக் விதிப்படி பெற்றோருக்குக் குறைந்தது 10 மணி நேரப் பயிற்சியும் உண்டு. அது கடமைக்கு முடிக்கும் பாடமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். இல்லை. இல்லத்தில் வளர்ந்த குழந்தை ஏன் சாப்பாட்டை ஒளித்துவைக்கும் என்று அதில்தான் கற்றுக்கொண்டேன்.

உண்மையான அலைச்சல் இதற்குப் பிறகு. 18 வயதுக்கு மேல் நீங்கள் வாழ்ந்த ஒவ்வொரு மாநிலத்திலிருந்தும், உங்கள் மேல் குழந்தை வதைப் புகார் எதுவும் இல்லை என்று பதிவேட்டைச் சரிபார்த்த சான்று வேண்டும். என் கணவர் கன்சல்டிங் வேலையில் ஊர் ஊராகப் போனவர். நியூ ஜெர்சி, ஒஹையோ, ஜார்ஜியா, அப்புறம் டெக்சஸ். ஒவ்வொரு மாநிலத்துக்கும் வேறு படிவம், வேறு கட்டணம். ஒன்று ஆன்லைன், ஒன்றுக்கு நோட்டரி கையெழுத்து, ஒன்றுக்கு மணி ஆர்டர். கொஞ்ச காலமே இருந்த மாநிலமாக இருந்தாலும் விடமாட்டார்கள். இந்தியாவில் வாழ்ந்த காலத்துக்குப் போலீஸ் சான்றிதழ் தனி.

இதோடு தமிழர்களுக்கென்றே ஒரு தலைவலி இருக்கிறது: இனிஷியல். என் பட்டச் சான்றிதழில் பெயருக்கு முன்னால் ஒற்றை எழுத்து. பழைய இந்தியப் பாஸ்போர்ட்டில் அந்த எழுத்து விரிந்து அப்பாவின் முழுப்பெயராகி, குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் உட்கார்ந்திருக்கிறது. அமெரிக்கக் குடியுரிமைச் சான்றிதழில் கணவரின் பெயர். சார்பதிவாளர் கையால் எழுதித் தந்த திருமணச் சான்றிதழில் கணவரின் பெயரில் ஒரு 'எச்' அதிகம். வெளியிலிருந்து பார்த்தால் நான் மூன்று பெண்கள், அவர் இரண்டு ஆண்கள். "இத்தனை பெயரும் ஒரே நபரையே குறிக்கும்" என்று பிரமாணப் பத்திரம் எழுதி நோட்டரி முன்னால் கையெழுத்திட்டோம். நீங்களும் இதை முதல் வாரத்திலேயே செய்துவிடுங்கள். யாராவது கேட்கட்டும் என்று காத்திருந்தால், அவர்கள் கேட்கும் நாள் ஏதோ ஒரு காகிதம் காலாவதியாகும் நாளாகத்தான் இருக்கும்.

இந்தியாவுக்குப் போகும் ஆவணங்களுக்கு அப்போஸ்டில் முத்திரை வேண்டும். ஓர் ஆவணம் வேறு நாட்டிலும் செல்லும்படி அதன் கையெழுத்தை உறுதிசெய்யும் முத்திரை அது. டெக்சஸில் நோட்டரி முத்திரை போட்டவற்றை ஆஸ்டினில் மாநிலச் செயலர் அலுவலகத்துக்கு அனுப்பவேண்டும். வழக்கமான கட்டணம் காகிதத்துக்கு 15 டாலர். தத்தெடுப்புக்கு என்று குறிப்பிட்டால் 10 டாலர், ஒரு குழந்தைக்கு அதிகபட்சம் 100. சில மாநிலங்களில் நோட்டரியின் கையெழுத்தை முதலில் கவுன்டியிலும், அதாவது மாவட்ட அளவிலும், சரிபார்க்கச் சொல்வார்கள். இங்கே அது இல்லை, பிழைத்தோம். வரிக் கணக்கு, வேலை உறுதிக் கடிதம், மருத்துவச் சான்று, வங்கிக் கணக்கு விவரம், சொத்து விவரம், தெரிந்தவர்கள் எழுதிய பரிந்துரைக் கடிதங்கள், எங்களுக்கு ஏதாவது ஆகிவிட்டால் குழந்தையைப் பார்த்துக்கொள்வதாக உறவினர் தரும் உறுதிமொழி, இந்தியாவில் எங்கள் சார்பில் மனுத் தாக்கல் செய்ய அதிகாரப் பத்திரம் என்று எல்லாவற்றுக்கும் முத்திரை. தபாலில் திரும்பி வந்த காகிதக் கட்டை மேசையில் வைத்தபோது என் கணவர், "நம்ம வீட்டுக் கடன் ஃபைல்கூட இவ்வளவு தடிமன் இல்ல" என்றார்.

இப்போது காலாவதி விஷயம். ஹோம் ஸ்டடி அறிக்கையைக் குடிவரவுத் துறைக்கு அனுப்பும்போது அது ஆறு மாதத்துக்கு மேல் பழையதாக இருக்கக்கூடாது. அதோடு போகும் படிவம் ஐ-800ஏ, "இவர்கள் வெளிநாட்டுக் குழந்தையைத் தத்தெடுக்கத் தகுதியானவர்கள்தானா" என்று முடிவு செய்வதற்கு. அப்போது கட்டணம் 775 டாலர், கைரேகைக்கு ஆளுக்கு 85. 2024 ஏப்ரலில் கட்டணங்களை மாற்றிவிட்டார்கள். கிடைக்கும் ஒப்புதல் 15 மாதம் செல்லும். எங்களுக்கு 2021 வசந்தத்தில் வந்தது. 15 மாதம் நிறையத் தெரியும். ஆனால் அதற்குள் காராவில் பதிவாகி, வரிசை நகர்ந்து, குழந்தையின் விவரம் வந்து, அடுத்த படிவத்தைத் தாக்கல் செய்திருக்கவேண்டும். முடியாது என்று தெரிந்ததும் நீட்டிப்புக்கு இன்னொரு இணைப்புப் படிவம். அதற்குப் புதுப்பித்த ஹோம் ஸ்டடி. அதற்குப் புதிய மருத்துவச் சான்று, புதிய வேலைக் கடிதம். நடுவில் என் கணவர் வேலை மாறியிருந்தார், அதற்குத் தனி விளக்கம். வீடு மாறினாலும், சம்பளம் மாறினாலும், யாராவது உங்கள் வீட்டில் வந்து தங்கிவிட்டாலும் அறிக்கையைத் திருத்தியாக வேண்டும். என் மாமியார் ஆறு மாதம் தங்க வருவதாக இருந்தது. "வீட்டில் வசிக்கும் வயது வந்தவர்" என்ற கணக்கில் அவருக்கும் கைரேகை எடுக்கச் சொல்வார்களோ என்று பயந்து பயணத்தைத் தள்ளிவைக்கச் சொன்னோம். அந்தக் கோபம் இன்னும் முழுசாக ஆறவில்லை.

என் அப்பா தாலுகா ஆபீஸில் கிளார்க்காகச் சேர்ந்து அங்கேயே ஓய்வு பெற்றவர். போனில் நான் புலம்பினால் ஆறுதல் சொல்லமாட்டார். "ஏம்மா, ந.க. எண் வாங்கினியா?" என்றுதான் கேட்பார். பதிவேட்டில் ஏற்றிக் கொடுத்த நடப்புக் கணக்கு எண் இல்லாத காகிதம் ஆபீஸுக்குள் போனதாகவே அர்த்தமில்லை என்பது அவருடைய சித்தாந்தம். அமெரிக்க ஏஜென்சிக்கு மின்னஞ்சல் அனுப்பும்போதுகூட ரசீது எண்ணை முதல் வரியில் எழுதச் சொன்னார். கேலி செய்தேன், ஆனாலும் எழுதினேன். பதில் சீக்கிரம் வர ஆரம்பித்தது.

2022 தொடக்கத்தில் அவளுடைய ஃபைல் வந்தது. பி.டி.எஃப் தான். குழந்தை ஆய்வறிக்கை, மருத்துவப் பரிசோதனை அறிக்கை, ஒரு புகைப்படம். மொத்தமாகச் சில பக்கங்கள். எங்கள் வங்கி இருப்பு, பற்களின் நிலை, கல்யாண வாழ்க்கை என்று எல்லாவற்றையும் பக்கம் பக்கமாக எழுதி அனுப்பியிருந்தோம். அவளைப் பற்றி அந்த நாட்டில் யாருக்காவது தெரிந்தது இவ்வளவுதான். பிறந்த தேதிக்கு எதிரே "தோராயமாக" என்று இருந்தது. டாக்டர் பார்த்துக் கணித்த வயது. பெற்றவர்கள் என்ற இடத்தில் தெரியவில்லை. உயரம், எடை, தலைச் சுற்றளவு, போட்ட தடுப்பூசிகள், என்ன சாப்பிடுவாள், யாரோடு விளையாடுவாள். "பொதுவாக மகிழ்ச்சியான குழந்தை" என்று ஒரு வரி. அந்த வரியை எழுதியவர் எத்தனை குழந்தைகளுக்கு அதையே எழுதியிருப்பாரோ.

ஏற்றுக்கொள்வதா இல்லையா என்று சொல்ல 30 நாள். மருத்துவ அறிக்கையை, வெளிநாட்டுத் தத்துக் குழந்தைகளின் அறிக்கைகளைப் படித்துப் பழகிய ஒரு குழந்தை மருத்துவரிடம் அனுப்பினோம். அமெரிக்காவில் இதற்கென்றே கிளினிக்குகள் இருக்கின்றன. அவர் நல்லது கெட்டது என்று தீர்ப்புச் சொல்லவில்லை. எந்த எண் எதைக் காட்டுகிறது, எது காட்டவில்லை, இன்னும் என்ன கேட்கவேண்டும் என்று ஒரு பட்டியல் கொடுத்தார். ஏஜென்சி வழியாகக் கேட்டோம். பாதிக்குப் பதில் வந்தது. சரி என்று கையெழுத்திட்டோம்.

அந்த ஃபைலில் என்னை நிறுத்தியது வேறொரு பக்கம். செய்தித்தாள் விளம்பரத்தின் நகல். கைவிடப்பட்ட குழந்தை கிடைத்தால், புகைப்படத்தோடு விவரத்தைச் செய்தித்தாளில் வெளியிட்டு, யாராவது உரிமை கோருகிறார்களா என்று பார்க்கவேண்டும். பிறகு குழந்தைகள் நலக் குழு விசாரித்து, இந்தக் குழந்தை சட்டப்படி தத்துக்கு உரியது என்று அறிவிக்கும். இரண்டு வயது வரையுள்ள குழந்தைக்கு இரண்டு மாதம், அதற்கு மேற்பட்டவர்களுக்கு நான்கு மாதம் என்று கால வரம்பு. பெற்றவர்களே ஒப்படைத்த குழந்தை என்றால், மனம் மாறித் திரும்பக் கேட்பதற்கு அவர்களுக்கு 60 நாள் உண்டு. தபால்தலை அளவில் மங்கலான படம். அதே செய்தித்தாளில் அதே நாளில் நிலம் விற்பனை, வேலைவாய்ப்பு விளம்பரங்களும் வந்திருக்கும். யாரும் வரவில்லை என்பதற்கு அத்தாட்சியும் அந்தக் காகிதம்தான்.

இந்த வகைக் காகிதங்கள் ஏன் இருக்கின்றன என்பதற்குச் சென்னையிலேயே காரணம் இருக்கிறது. 1990-களின் கடைசியில் வட சென்னையின் ஏழைக் குடும்பங்களிலிருந்து கடத்தப்பட்ட குழந்தைகள், போலி ஒப்படைப்புப் பத்திரங்களோடு தத்தெடுப்பு இல்லம் ஒன்றின் வழியாக ஆஸ்திரேலியாவுக்கும் நெதர்லாந்துக்கும் போனது 2005-ல் போலீஸ் விசாரணையில் வெளியே வந்தது. வளர்த்தவர்களுக்கு ஒன்றும் தெரியாது. அவர்கள் கையில் இருந்த காகிதங்கள் எல்லாம் பார்வைக்கு ஒழுங்காகத்தான் இருந்தன. அதற்கு முன்னாலேயே, 1982-ல் லக்ஷ்மி காந்த் பாண்டே என்ற வழக்கறிஞர் வெளிநாட்டுத் தத்தெடுப்பில் நடக்கும் முறைகேடுகளைப் பற்றி உச்ச நீதிமன்றத்துக்குக் கடிதம் எழுதினார். அந்தக் கடிதத்தையே பொதுநல மனுவாக எடுத்துக்கொண்டு 1984-ல் நீதிபதி பகவதி தீர்ப்பளித்தார். அங்கீகாரம் பெற்ற ஏஜென்சி வழியாகத்தான் வரவேண்டும், ஹோம் ஸ்டடி வேண்டும் என்ற நிபந்தனைகள் எல்லாம் அதில்தான் உறுதியாயின. காரா 1990-ல் தொடங்கியதற்கும் அந்தத் தீர்ப்புதான் வழி. சட்டம் இருந்தும் சென்னையில் அப்படி நடந்தது என்பதால், என் மகளின் ஃபைலில் இருக்கும் ஒவ்வொரு முத்திரையும் யாரிடமிருந்து வந்தது, தேதிகள் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று நானே உட்கார்ந்து சரிபார்த்தேன். தத்தெடுப்பவர்கள் எல்லோரும் இதைச் செய்யவேண்டும் என்பது என் கருத்து. நம் ஃபைலில் பிழை இருந்தால் தாமதமாகும், அவ்வளவுதான். குழந்தையின் ஃபைலில் பொய் இருந்தால் எங்கோ ஒரு வீட்டில் ஓர் அம்மா தேடிக்கொண்டிருப்பாள்.

ஏற்றுக்கொண்ட பிறகு வரிசை முக்கியம். இதில் மட்டும் படி தாண்டிவிடக்கூடாது. முதலில் குழந்தையின் விவரங்களோடு குடிவரவுத் துறைக்கு ஐ-800 மனு. அதற்குத் தற்காலிக ஒப்புதல் வருவதற்கு முன் தத்தெடுக்கவும் கூடாது, குழந்தையைச் சட்டப்படி நம் பொறுப்பில் வைத்துக்கொள்ளும் காவல் உரிமை வாங்கவும் கூடாது. பிறகு விசா விண்ணப்பம். அதைப் பார்த்து அமெரிக்கத் தூதரகம், உடன்படிக்கையின் 5-வது பிரிவுப்படி, "இந்தக் குழந்தை எங்கள் நாட்டுக்குள் வரலாம்" என்று காராவுக்குக் கடிதம் எழுதும். அதற்குப் பிறகுதான் காராவின் தடையில்லாச் சான்று. அதற்குப் பிறகுதான் இந்தியாவில் தத்தெடுப்பு ஆணைக்கு மனு.

எங்கள் மனு நீதிமன்றத்தில் இருந்தது. இரண்டு மாதத்துக்குள் முடிக்கவேண்டும் என்று சட்டம் சொன்னாலும் அப்படி முடிவது அபூர்வம். அந்தத் தாமதத்தைத் தீர்க்கவே 2021-ல் சட்டத்தைத் திருத்தி, ஆணையிடும் அதிகாரத்தை மாவட்ட ஆட்சியரிடம் கொடுத்தார்கள். அது அமலுக்கு வந்தது 2022 செப்டம்பர் 1. நிலுவையில் இருந்த கோப்புகளை நீதிமன்றத்திலிருந்து ஆட்சியர் அலுவலகத்துக்கு மாற்றச் சொன்னார்கள். எங்களுடையதும் அதில் ஒன்று. தாமதத்தைக் குறைக்க வந்த திருத்தம் எங்களுக்குத் தாமதத்தைக் கூட்டியது. நீதிமன்றத்தில் கேட்டால் அனுப்பியாச்சு, ஆட்சியர் அலுவலகத்தில் கேட்டால் வரவில்லை. புதிய விதிகள் செப்டம்பர் கடைசியில்தான் அறிவிக்கப்பட்டன. யார் எந்தப் படிவத்தில் ஆணை எழுதவேண்டும் என்பதே பல இடங்களில் தெளியாமல் இருந்தது.

அப்பாவுக்கு மட்டும் அன்று சந்தோஷம். "கோர்ட்டுன்னா எனக்கு ஒண்ணும் தெரியாது. கலெக்டர் ஆபீஸ்னா விடு, நான் பேசுறேன்." அப்பா, அது ஒடிசா. "கலெக்டர் ஆபீஸ் எல்லா ஊர்லயும் கலெக்டர் ஆபீஸ்தாம்மா." எந்தப் பிரிவில் இருக்கும், யார் மேசையில் நிற்கும், என்ன கேட்டால் நகரும் என்று அவர் சொன்னதை நான் ஆங்கிலத்தில் எழுதி ஏஜென்சிக்கு அனுப்பினேன். அவர்கள் அங்கே இருக்கும் இல்லத்துக்கு அனுப்பினார்கள். நீதிமன்றம் எழுதிய அனுப்புகைக் கடிதத்தின் எண்ணைக் கேளுங்கள் என்பதுதான் அதில் முக்கியமான வரி. எண் கிடைத்தது, கோப்பும் கிடைத்தது. இது அப்பாவின் சாதனையா, தற்செயலா என்று எங்கள் வீட்டில் இன்னும் விவாதம் நடக்கிறது.

2023 தொடக்கத்தில் ஆணை வந்தது. அப்புறம் எல்லாம் மளமளவென்று. உடன்படிக்கையின் 23-வது பிரிவுப்படி காராவின் இணக்கச் சான்றிதழ், எங்கள் பெயரோடு பிறப்புச் சான்றிதழ், இந்தியப் பாஸ்போர்ட், மருத்துவப் பரிசோதனை, டெல்லி தூதரகத்தில் ஐஎச்-3 விசா. இந்த விசாவோடு வரும் 18 வயதுக்குட்பட்ட பிள்ளை, பெற்றோரோடு வாழ வந்து அமெரிக்க மண்ணில் இறங்கியதுமே குடிமகன். 2001-ல் அமலுக்கு வந்த சட்டம் அது. தனியாக விண்ணப்பிக்க வேண்டாம், சான்றிதழ் தபாலில் வரும். மொத்த நடைமுறையிலும் கேட்காமலே கைக்கு வந்த ஒரே காகிதம் அதுதான்.

வந்த பிறகும் காகிதம் ஓயாது. முதல் வருடம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, இரண்டாம் வருடம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, சமூகப் பணியாளர் வீட்டுக்கு வந்து பார்த்து காராவுக்குப் புகைப்படத்தோடு அறிக்கை அனுப்பவேண்டும். சிலர் குழந்தை வந்ததும் இதை இழுத்தடிக்கிறார்கள். செய்யாதீர்கள், அடுத்து வரிசையில் நிற்பவர்களின் பெயரும் கெடும். வரி விஷயம் ஒன்று: தத்தெடுப்புச் செலவுக்கு வரிச் சலுகை உண்டு, படிவம் 8839. வெளிநாட்டுக் குழந்தை என்றால் தத்தெடுப்பு இறுதியான வருடத்தில்தான் கோரமுடியும். எங்களுக்கு அது 2023, அந்த வருட உச்சவரம்பு 15,950 டாலர். முந்தைய வருட ரசீதுகளும் அதில் சேரும் என்பதால் எதையும் தூக்கிப்போடாதீர்கள். டெக்சஸ் நீதிமன்றத்தில் இந்திய ஆணையைப் பதிவு செய்து உள்ளூர்ச் சான்றிதழும் வாங்கிவைத்தோம். கட்டாயமில்லை. ஆனால் பள்ளியில் ஒடிசா ஆணையை நீட்டி விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம்.

எங்கள் ஃபைலை ஸ்கேன் செய்துவிட்டுப் பாதியைக் கிழித்துப்போட்டேன். இனி யாருக்கும் தேவையில்லை. அவளுடையதைத் தொடவில்லை. 18 வயதானதும் தன் வேர்களைத் தேடும் உரிமை இந்திய விதிகளிலேயே அவளுக்கு இருக்கிறது. தேடினால் ஆரம்பிக்க அவளிடம் இருப்பது அந்தச் சில பக்கங்கள்தான். ஒரு பிரதி வங்கி லாக்கரில், ஒன்று அப்பாவிடம். போன முறை ஊருக்குப் போனபோது பார்த்தேன். அட்டை போட்டு, டேக் கட்டி, பக்க எண் எழுதி, அரசு ஆபீஸ் கணக்காக மேலே "நி.மு." என்று குறித்துவைத்திருக்கிறார். நிரந்தரமாக வைக்கவேண்டிய கோப்புக்கு அவர்கள் ஆபீஸில் போடும் குறி.

இப்போது கையில் இருக்கும் வேலை அவளுடைய ஓசிஐ. அமெரிக்கக் குடியுரிமை வந்துவிட்டதால் அவளுடைய இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைத்து, அதற்கான சான்று வாங்கி, பிறகு விண்ணப்பிக்கவேண்டும். எங்கள் இருவரின் ஓசிஐ நகல், திருமணச் சான்றிதழ் எல்லாம் மறுபடியும். அந்த அதிகப்படி 'எச்' மறுபடியும். பிரமாணப் பத்திரத்தை நேற்றுத்தான் தேடி எடுத்தேன். அதில் இருக்கும் முகவரி பழைய வீடு. திங்கட்கிழமை நோட்டரிக்குப் போகவேண்டும்.